பெரியப்பாவின் நெற்றியில் மூன்று கோடு

கோயம்புத்தூரில் ஒருவன் வீட்டு மெஷின் மக்கர் செய்தால் அவன் தனியாக உட்கார்ந்து கவலைப்படக்கூட முடியாது. பம்பு, மோட்டார், கிரைண்டர், லேத்து என்று வாழ்நாளில் எதையாவது கழற்றி மாட்டாத ஆள் இந்த ஊரில் அபூர்வம். கழற்றத் தெரியாதவருக்கும், கழற்றுகிறவர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்த அனுபவமாவது இருக்கும். ஜி.டி.நாயுடு பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு பாத்தியதை உண்டு. மொட்டை மாடியில் என் மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டால் போதும், பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பும்.

"ஏனுங்க, பேரிங் போயிருச்சுங்களா?"

பேரிங் போயிருந்தால் எவ்வளவு நிம்மதி! போனது போகட்டும் என்று புதுசு வாங்கி மாட்டிவிடலாம். என் மெஷினுக்கு வந்தது அப்படிக் கௌரவமான வியாதி இல்லை. சில நேரம் நன்றாக எரிக்கும். சில நேரம் எரிக்காது. அதே பலகை, அதே படம், அதே பவர், அதே வேகம். சனிக்கிழமை ராத்திரி கன்னங்கரேலென்று விழுந்த எழுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருக்கிறதா இல்லையா என்று பலகையைச் சாய்த்துப் பார்க்க வைக்கும். ஒரேயடியாகக் கெட்டுப்போன சாமானைப் பழைய இரும்புக்குப் போடலாம். இதைப் போடவும் மனசு வராது, சனிக்கிழமை ராத்திரி நன்றாகத்தானே எரித்தது?

லேசர் என்கிரேவிங் மெஷின் என்று பெயர்தான் பெரிது. நாலு அலுமினியச் சட்டம், பல் வைத்த ரப்பர் பெல்ட், குட்டி மோட்டார்கள், நடுவில் இங்குமங்கும் ஓடுகிற ஒரு தலை. தலைக்குள்ளே நீல ஒளி விடும் டையோடு. அலைநீளம் 450 நானோமீட்டரை ஒட்டி. அதற்குக் கீழே இருக்கும் லென்ஸ் அந்த ஒளியைக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறுக்கி மரத்தில் இறக்கும். விழுந்த இடம் கரியாகும். அவ்வளவுதான் விஷயம். 1960-ல் தியோடர் மைமன் ரூபிக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தபோது, 'பிரச்சினையைத் தேடி அலைகிற தீர்வு' என்று அதைக் கேலி பேசினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு லேசருக்கு அந்தக் குறை இல்லை. 1990-களில் ஜப்பானில் ஷூஜி நகமுரா மட்டும் நீலத்தை நோக்கி டையோடு லேசரை இழுத்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால், எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்.

பெட்டியின் மேலே 40 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், ஒளியாக வெளியே வருவது 5 வாட் என்று பொடி எழுத்தில். கம்பெனிக்காரன் ஆஃபர் லெட்டரில் போடுகிற சி.டி.சி.க்கும் முதல் தேதி கைக்கு வருகிற சம்பளத்துக்கும் உள்ள உறவுதான். 40 என்பது கரண்டில் இழுக்கிற கணக்காம். விற்றவரிடம் கேட்டதற்கு, "எல்லாரும் அப்படித்தான் சார் போடறாங்க" என்றார். அது உண்மைதான் என்பதால் மேற்கொண்டு சண்டை போட முடியவில்லை.

சாவிக்கொத்து, கதவில் மாட்டுகிற பெயர்ப்பலகை என்று சில்லறை வேலையோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பெரியப்பாவுக்கு எண்பது வயசு வந்தது. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்திலிருந்து கறுப்புச் சட்டைக்காரர். மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், காலில் விழுந்தால் அடி கிடைக்கும். அப்படிப்பட்டவருக்கு என்னதான் கொடுப்பது? "உங்க போட்டோவை மரத்துல எரிச்சுத் தர்றேன் பெரீப்பா" என்றேன்.

"என்னைய எரிக்கறதுக்கு இன்னும் நாளிருக்குது கண்ணு" என்றார்.

முதலில் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் பைன் பலகை வாங்கினேன். வெளிநாட்டு மெஷின் ஏதோ வந்திறங்கிய பெட்டியைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வெளேரென்று, பார்க்க அம்சமாக இருந்தது. படத்தை ஏற்றி மெஷினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். மீசை வந்தது, கண்ணாடி வந்தது, கறுப்புச் சட்டை வந்தது. கூடவே நெற்றியில், இந்தக் காதோரத்திலிருந்து அந்தக் காதோரம் வரை, பளிச்சென்று மூன்று வெள்ளைக் கோடுகளும் வந்தன.

பைன் மரத்தின் ஒவ்வொரு வருஷ வளையத்துக்கும் இரண்டு பாதி உண்டு. வசந்தத்தில் சரசரவென்று வளர்ந்த பாதி மெத்து; பிற்பாடு நிதானமாக வளர்ந்தது கெட்டி. லேசர் பட்டதும் மெத்தானது கருகிப்போகும். கெட்டியானது அவ்வளவு சுலபத்தில் மசியாது. பலகையை அறுத்தவன் அறுத்த வாக்கில் மூன்று கெட்டி வளையங்கள் சரியாக என் பெரியப்பாவின் நெற்றிக்கு வந்து சேர்ந்திருந்தன. தாவரவியல்படி இதில் யார்மேலும் குற்றமில்லை. ஆனால் எண்பது வருஷம் விபூதி படாத நெற்றி.

என் மாமியார் பலகையை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இப்பத்தான் லட்சணமா இருக்காருங்க மாப்பள."

பைனைக் கைவிட்டு ப்ளைவுட்டுக்கு வந்தேன். இதில் முகத்தின் இடதுபாதி ஜோராக வந்தது. வலப்பக்கம் போகப் போக மங்கி, வலது காது இருக்க வேண்டிய இடத்தில் ப்ளைவுட் மட்டும் இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் படிப்படியாக மங்கினால் அது ஃபோகஸ் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். லென்ஸுக்கும் மரத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தை அளக்க, மெஷினோடு ஒரு சின்னக் கட்டை கொடுத்திருப்பார்கள். அதை நடுவில் செருகித் தலையை இறக்கி, திருகை இறுக்க வேண்டும். ஒரு மூலையில் அளந்து வைத்தால் மற்ற மூன்று மூலைக்கும் அது பொருந்தும் என்பது நம்பிக்கை. மூன்று எம்.எம். ப்ளைவுட்டுக்கு அந்த நம்பிக்கையில் ஈடுபாடு கிடையாது. மழைக்காலத்தில் ஒரு பக்கம் வளையும், வெயிலில் மறுபக்கம் வளையும். இரண்டு மில்லிமீட்டர் எழும்பினாலும் ஒளிப்புள்ளி பரவிவிடும். பரவின ஒளிக்குக் கருக்கத் தெம்பு இருக்காது, பழுப்பாக்குவதோடு நின்றுகொள்ளும். நாலு மூலையிலும் காந்தம் வைத்துப் பலகையை அமுக்கினேன். காது திரும்பி வந்தது. ஆனால் காது மடலில் ஒரு திட்டு மட்டும் எரியாமல் நின்றது.

இந்தத் திட்டுக்கு விளக்கம் கொடுத்தவர் எங்கள் வீட்டுக்கு அலமாரி செய்த ஆசாரி. பலகையை நகத்தால் சுரண்டினார். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, என்ன நினைத்தாரோ, மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார்.

"ப்ளைவுட்டுக்குள்ள என்ன இருக்குதுன்னு அதை ஒட்டுனவனுக்கே தெரியாதுங்க. மேல ஒரு தோலு. உள்ள கெடைச்சதெல்லாம். நடுவுல பசை."

பசைதான் வில்லன். மேல்தாள் மெல்லிசாக இருக்கும் இடத்தில் பசை கசிந்து மேலே ஏறியிருக்கும். மரம் எரிகிற மாதிரி பசை எரியாது. நான் வாங்கியது ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மெரைன் ப்ளை. கடைக்காரர் அதைத்தான் உசத்தி என்றார். விலையும் அப்படித்தான் இருந்தது. அதில் போடுவது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை, கொதிக்கும் தண்ணீருக்கே விட்டுக்கொடுக்காதது. சமையலறை அலமாரிக்கு அதைவிட உத்தமம் கிடையாது. லேசரிடம் மட்டும் அது ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஆசாரி போகும்போது, "ரப்பர் மரம் போடுங்க, நாகர்கோயில் பக்கமிருந்து வரும், ஒரே சீரா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உடனே கேட்கவில்லை. மெரைன் ப்ளை முழு ஷீட்டாக வாங்கியிருந்தேன்.

இதற்குள் பக்கத்து மாடிக்காரர் பேரிங்கைக் கைவிட்டு வோல்டேஜுக்கு வந்துவிட்டார். பம்பு கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவர். உலகத்தில் எது சரியாக ஓடாவிட்டாலும் அவருக்கு லோ வோல்டேஜ்தான். மெஷினின் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சடித்திருப்பதைக் காட்டினேன். உள்ளே எவ்வளவு வந்தாலும் வெளியே 24 வோல்ட் போகும், அதற்காகத்தான் அந்தப் பெட்டியே என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் பழைய ஃப்ரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன் முள் 225-ல் நின்று லேசாக ஆடியது. "பாத்தீங்களா, ஆடுது பாருங்க" என்றார்.

அவருடைய ஸ்டெபிலைசர் வந்து உட்கார்ந்த அதே சாயங்காலம்தான் அக்கா பையனும் வந்து சேர்ந்தான். இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவன் வந்ததே வேறொரு கேஸுக்கு. தெருக்கோடியில் புது வீடு கட்டியவர் 'அன்பு இல்லம்' என்று பலகை கேட்டிருந்தார். அதில் ன், ல், ம் என்று மூன்று புள்ளி எழுத்து. மூன்று புள்ளியும் பலகையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயிருந்தன. 'இ' முழுக்கக் கரி. 'பு'வில் நேர்கோடு வெளிறி, திரும்புகிற மூலை மட்டும் கருகியிருந்தது.

"மாமா, நீங்க எம்3-ல ஓட்டறீங்க."

மெஷினுக்குள் இருப்பது ஜி.ஆர்.பி.எல். என்கிற சின்ன மென்பொருள். எம்3 என்று கட்டளை கொடுத்தால் தலை ஓடினாலும் தவழ்ந்தாலும் ஒரே பவர். நேர்கோட்டில் வேகமெடுத்து ஓடும். மூலை வந்தால் வேகத்தைக் குறைத்துத் திரும்பும். வளைவில் ஊர்ந்து போகும். ஊர்கிற இடத்தில் ஒளி அதிக நேரம் விழும், அந்த இடம் கருகும். எம்4 கொடுத்தால் வேகம் குறையும்போது பவரும் கூடவே குறையும். தலை நின்றால் ஒளியும் நின்றுவிடும். இந்த மெஷினைச் செய்தவர்கள் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் சோதித்திருப்பார்கள். அவர்களுக்குச் சின்ன ஐ, சின்ன ஜே, ஆக இரண்டு எழுத்துக்குத்தான் தலையில் புள்ளி. நமக்குப் பதினெட்டு. போதாக்குறைக்கு ண, ஞ, இ என்று சுழியோடு சுழியாக வேகமெடுக்கவே இடம் கொடுக்காத எழுத்துகள். எம்3-ல் தமிழை எரிப்பவன் மரத்துக்கு ஜன்னல் வைக்கிறான்.

பையன் எம்4-க்கு மாற்றினான். டாலர் 32 என்கிற அமைப்பை 1 ஆக்கினான், அது லேசருக்கான சுவிட்ச்சாம். கம்ப்யூட்டர் பவரின் உச்சத்தை 1000 என்று நினைத்துக்கொண்டிருக்க, மெஷினோ 255-தான் உச்சம் என்று நினைத்துக்கொண்டிருப்பதையும் கண்டுபிடித்தான். அதாவது கால்வாசிக்கு மேலே எவ்வளவு கேட்டாலும் முழுசாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. முப்பது சதவீதத்துக்கும் தொண்ணூறுக்கும் வித்தியாசமே தெரியாமல் போனது இதனால்தான். இரண்டையும் 1000-க்குக் கொண்டுவந்தான். மறுபடி 'அன்பு இல்லம்' ஓட்டினோம். அச்சடித்த மாதிரி விழுந்தது.

"நான் சொன்னேனுங்களே, வோல்டேஜுன்னு" என்றது கைப்பிடிச் சுவர்.

கோளாறு கண்டுபிடிப்பதில் ஒரு விதி உண்டு: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சோதனைக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறவர் யாரோ எழுதிய விதி. உதவி செய்ய ஆள் இருக்கிற வீட்டில் இது செல்லாது. அந்த ஸ்டெபிலைசர் இன்னும் என் மொட்டை மாடி ஷெட்டில்தான் இருக்கிறது. முள் ஆடிக்கொண்டிருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் மனஸ்தாபம் வரும். தெருக்கோடிக்காரர் ஓட்டை விழுந்த பழைய பலகையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். "இதுவும் நல்லாத்தாங்க இருக்குது, ஆணி அடிக்கற வேலை மிச்சம்" என்றார்.

எழுத்து சரியானதே தவிர போட்டோ வழிக்கு வரவில்லை. போட்டோ என்பது மெஷினுக்கு வெறும் புள்ளிகள். சாம்பல் நிறத்தைப் புள்ளிகளின் நெருக்கத்தால் காட்டுகிற வித்தையை ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976-ல் எழுதி வைத்தார்கள்; இன்றுவரை அதுதான் ஓடுகிறது. வரிக்கு வரி பத்தில் ஒரு மில்லிமீட்டர் இறங்கி இறங்கி மணிக்கணக்கில் ஓடும். ஓட ஓட நெற்றி கறுப்பாகவும், மூக்கு பழுப்பாகவும், மோவாய் அனுமானமாகவும் வந்தது. மேலிருந்து கீழே மங்கிக்கொண்டே போனால் லென்ஸைப் பார்க்க வேண்டும். எரிகிற மரத்தின் புகையில் பிசின் இருக்கிறது. அது மேலே எழும்பி லென்ஸின் கண்ணாடியில் படியும். படிந்த பிசின் ஒளியைத் தின்னும். வேலை முடிவதற்குள் பாதி பவர் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்துத் துடைத்தேன். குச்சி டிகாஷன் நிறத்தில் வந்தது.

புகையை ஓரமாக ஊதித் தள்ள மீன்தொட்டிப் பம்பு ஒன்று வாங்கினேன். கடைக்காரர், "எத்தனை மீனுங்க?" என்றார். மீன் இல்லை, லேசருக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் மிச்சச் சில்லறையைக் கொடுக்கும்வரை என்னை நேராகப் பார்க்கவில்லை. பம்புக் காற்றிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அறுக்கும்போது பலமாக ஊதலாம். படம் எரிக்கும்போது பலமாக ஊதினால் கரியே பிடிக்காமல் வெளிறிவிடும். புகை லென்ஸுக்கு ஏறாத அளவுக்கு ஊதினால் போதும். மீதிப் புகை படியிறங்கித் தெருவுக்குப் போனது. "வீட்டுல ஹோமமுங்களா?" என்று இரண்டு பேர் விசாரித்ததாக மனைவி சொன்னாள். பெரியப்பாவுக்கு இது தெரிய வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

இதற்கு நடுவே, ஒரு பலகையில் கட்டம் கட்டமாக, கிடைவாக்கில் பவரும் நெடுவாக்கில் வேகமுமாகப் படிப்படியாக மாற்றி எரித்து வைத்தேன். எல்லா லேசர்காரர்களும் செய்கிற சோதனைதான். வெளிர் மஞ்சளில் ஆரம்பித்து, பழுப்பு, காப்பி, கரி என்று எல்லாத் தரமும் அதில் இருக்கும். எந்த நிறம் வேண்டுமோ அந்தக் கட்டத்தின் எண்ணை எடுத்துப் போட்டால் போதும். மனைவி அதைச் சமையலறையில் அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டாள். தோசைக்கல்லின் முன்னால் நின்றபடி, "உங்களுக்கு அறுபதுக்கு மூவாயிரங்களா?" என்று கேட்கிறாள். நான் அறுபதுக்கு இரண்டாயிரம் ஆள். முறுகலாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் மெஷின் வெளிறிக்கொண்டிருந்தது. லென்ஸ் சுத்தம், பலகை மட்டம், எம்4. காலையில் நன்றாக ஓடும், மத்தியானம் தளர்ந்துவிடும். இந்த மர்மத்தை உடைத்தவர் மாமியார். எந்தெந்த நேரம் கெட்டது என்று என்னிடம் விசாரித்துக்கொண்டு போய், தினசரி காலண்டரைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"பன்னண்டுல இருந்து ஒன்றரை எமகண்டம். மூணுல இருந்து நாலரை குளிகை. நாலரைல இருந்து ஆறு ராகு காலம். எப்புடிங்க மாப்பள எரியும்?"

சரிபார்த்தேன். ஒவ்வொரு தோல்வியும் மூன்றில் ஒன்றுக்குள் கச்சிதமாக அடங்கியது. ஒன்றரையிலிருந்து மூன்று வரை மட்டும்தான் இடைவெளி, அந்த நேரத்தில் நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவன். அக்கா பையனின் எந்த விளக்கமும் இவ்வளவு பொருத்தமாக விழுந்ததில்லை. அவனே கொஞ்சம் ஆடிப்போய்விட்டான். பிறகு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். ஷெட்டுக்குக் கூரை தகர ஷீட். ஏப்ரல் மாத மத்தியானத்தில் உள்ளே நின்றால் நாமே லேசாகப் பழுப்பாவோம். டையோடுக்குச் சூடு ஆகாது. சூடு ஏற ஏற அதே கரண்டுக்கு ஒளி குறைந்துகொண்டே போகும். தலையில் இருக்கிற குட்டி ஃபேன், கொதிக்கிற காற்றை எடுத்துக் கொதிக்கிற டையோடு மேல் ஊதிக்கொண்டிருந்தது. பையன் இதையெல்லாம் வரைபடம் போட்டு விளக்கினான். மாமியார் முழுவதையும் கேட்டார்.

"அதைத்தான் நானும் சொன்னேன். காத்தால பண்ணுங்க."

இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அது. ஆசாரி சொன்ன ரப்பர் மரப் பலகை ஒன்றை வாங்கிவந்து, விடிந்தும் விடியாமலும் ஓட்டினோம். ஆரஞ்சு நிறக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நீல ஒளி கண்ணில் பட்டால் பிறகு எதையும் சரிபார்க்க வேண்டியிருக்காது. நெற்றி சுத்தமாக வந்தது. காது இரண்டும் வந்தன. மீசை மயிர் மயிராக வந்தது. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது.

பிறந்தநாளுக்குச் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. பலகையை வாங்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் "அப்படியே உரிச்சு வெச்சிருக்குது" என்றார்கள். கை மாறி மாறிக் கடைசியில் பெரியப்பாவிடம் வந்தது. அவர் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பலகையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார்.

"பட்டை ஓடுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நெத்தியிலயா பெரீப்பா?"

"சட்டையில."

சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது. கறுப்புச் சட்டையின் குறுக்கே, கொஞ்சம் அடர்த்தி, கொஞ்சம் வெளிறல், மறுபடி அடர்த்தி. நேராகப் பார்த்தால் கண்ணுக்கே சிக்காது. பெரியப்பா ஸ்கேல் கேட்டார். பேத்தியின் பென்சில் பாக்ஸிலிருந்து ஒன்று வந்தது. முதல் அடர்த்திக்கும் அடுத்த அடர்த்திக்கும் நடுவில் வைத்தார். நாலு சென்டிமீட்டர். அதற்கடுத்தது எட்டில். அதற்கடுத்தது பன்னிரண்டில்.

"எதுடா அதுல ஒரு சுத்துக்கு நாலு சென்டிமீட்டர் ஓடுது?"

எனக்கு முன்னால் அக்கா பையன் கணக்குப் போட்டுவிட்டான். மோட்டாரில் இருக்கும் புல்லிக்கு இருபது பல். பெல்ட்டில் பல்லுக்குப் பல் இரண்டு மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு நாற்பது மில்லிமீட்டர். புல்லி அச்சில் நடுநாயகமாக உட்காராமல் ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்திருந்தால், சுற்றின் ஒரு பாதியில் வரிகள் நெருங்கும், மறுபாதியில் விலகும். நெருங்கின இடம் கறுக்கும், விலகின இடம் வெளிறும்.

ஸ்பின்னிங்கில் நூல் ஒரே தூரத்துக்கு ஒருமுறை தடித்துத் தடித்து வந்தால், அந்தத் தூரத்தை அளந்து, எந்த ரோலரின் சுற்றளவோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, அந்த ரோலரைக் கழற்றுவார்களாம். கோயம்புத்தூரில் 1888-லிருந்து மில் ஓடுகிறது. பெரியப்பா ரிங் ஃபிரேமுக்கு நடுவில் வேலை செய்தே காதில் பாதியை இழந்தவர்.

"ஒரே அளவுல திரும்பத் திரும்ப வந்தா அது சுத்தற சாமானோட வேலை" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "காத்துக்கும் கரண்டுக்கும் அளவெடுத்துட்டு வரத் தெரியாது."

பக்கத்து மாடிக்காரர் பாயசத்தில் முந்திரி தேட ஆரம்பித்தார். மாமியார் விடவில்லை.

"ராகு காலமும் அளவாத்தான் வருதுங்க சம்பந்தி. ஒன்றரை மணி நேரம். என்னிக்காவது கூடக்கொறைய வந்து பாத்திருக்கீங்களா?"

எண்பது வருஷத்தில் பெரியப்பா எத்தனையோ மேடையில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவர். ஒரு நிமிஷம் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஒன்றரையை நீங்களே வெச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எனக்கு வேண்டியது ஒன்றரை எம்.எம். ஆலன் கீ. எடுத்துட்டு மேல வாடா."

அவர் படியேறிவிட்டார். கேக்கைப் பேரக்குழந்தைகளே வெட்டிக்கொண்டார்கள்.